கணினி தந்தோம், காவல் தந்தோமா?

விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென்று மலர்க்குழுவினர் கேட்டபொழுது, யாம் எழுதத்தக்க பொருள் யாதென்று சிலநாள் மயங்கினோம். கல்லூரியின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் எம்மினும் மூத்தோர் எழுதுவர். மறைந்த ஆசிரியப் பெருமக்களின் சிறப்பை அவர்களிடம் நேரிற் பயின்றோர் எழுதுவர். விளையாட்டுத் துறையில் நாம் பெற்ற வெற்றிகளையும், பெறாத வெற்றிகளுக்குரிய காரணங்களையும் எழுதுதற்கு எக்காலத்தும் ஆட்கள் குறைவிலர். எமக்கு வாய்த்ததோ கணினிப் பித்து ஒன்றே. பொறியைத் திறந்து பார்ப்பதும், அதன் அமைவுகளை மாற்றுவதும், மாற்றியதனாற் பழுதுற்றதைத் திருத்துவதுமாகப் பல ஆண்டுகளைக் கழித்துவிட்டோம். அப்பித்தின் பயனாகப் பெற்ற கருத்தொன்றையே ஈண்டுக் கூறப் புகுகின்றோம். அஃது அன்பர் சிலருக்குக் கசத்தலும் கூடும்.

பழைய மாணவர் தாம் கற்ற பாடசாலைக்குக் கணினி வழங்குதல் இந்நாளில் நன்மரபாகிவிட்டது. கண்டி மாநகரில் மட்டுமன்றிக் கம்பளை, நாவலப்பிட்டி, மாத்தளை முதலாய அயலூர்களிலும் இம்மரபைக் காண்கின்றோம். கடல் கடந்து வாழும் அன்பர்கள் பொருள் அனுப்புவர். மங்கல விளக்கேற்றப்பெறும்; நாடா வெட்டப்பெறும்; நன்கொடையாளர் பெயர் பொறித்த கல் சுவரிற் பதிக்கப்பெறும்; அனைவரும் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்வர். மறுநாட் காலை அக்கூடத்தின் திறப்பு யாரிடம் உள்ளதென்று வினவினால் காவலாளி முதல் அதிபர் வரை எல்லோரும் விடை கூறுவர். அது கதவின் திறப்பு. கணினிகளின் திறப்பு யாரிடம் உள்ளதென்று வினவினாலோ ஒருவரும் வாய் திறவார்.

எமது கருத்து இதுவே. கணினியின் பாதுகாப்பு அதன் விலையிலோ புதுமையிலோ இல்லை. அதனை அமைத்த முறையிலும், அமைத்ததை நாள்தோறும் பேணுவதிலும் உள்ளது. ஆதலின், சங்கம் இனித் திரட்டும் நிதியில் ஒரு பங்கை அப்பேணலுக்கென்றே ஒதுக்கல் வேண்டும். அப்பணியில் மாணவரையே அமர்த்துதல் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் மலைநாட்டுப் பாடசாலையொன்று எம்மை அழைத்தது. அதன் பெயர் ஈண்டு வேண்டா. இருபது கணினிகள், குளிரூட்டி, நீலத் திரைச்சீலை என யாவும் சிறப்புற அமைந்திருந்த கூடம் அது. இருபதிலும் ஒரே பயனர் பெயர். அப்பயனருக்கு எதனையும் நிறுவவும் நீக்கவும் முழு அதிகாரம். கடவுச்சொல்லோ பாடசாலையின் பெயரும் அது தொடங்கிய ஆண்டும். அதுவும் மறந்துவிடலாகாதென்று வெண்பலகையின் மூலையில் எழுதி, 'அழிக்க வேண்டாம்' என்று கோடிட்டும் வைத்திருந்தனர். (பாடசாலையின் பெயரையும் தொடங்கிய ஆண்டையும் கடவுச்சொல்லாகக் கொள்ளும் வழக்கம் பரவலானது. இத்தகைய விழா மலர்கள் அவ்விரண்டையும் அட்டையிலேயே பொன்னெழுத்திற் பொறித்து ஊரெங்கும் வழங்குகின்றன என்பதை மலர்க்குழுவினர் பொறுத்தருள்க.)

நடந்தது இது. தமிழில் தட்டச்சுச் செய்தற்குரிய மென்பொருளின் களவுப் பிரதியொன்றை யாரோ நிறுவியிருந்தனர். வைரஸ் தடுப்பை நிறுத்தினாலன்றி அப்பிரதி இயங்காது, நிறுத்தினர், மீண்டும் இயக்க மறந்தனர். பின்னொருநாள், நகரத்துக் கொமியூனிகேஷன் கடையில் வினாத்தாள் அச்சிடச் சென்று திரும்பிய பென் டிரைவ் ஒன்று அக்கணினியிற் செருகப்பட்டது. மறுநாட் காலை மூன்றாண்டுப் புள்ளிப் பதிவுகளும் திறக்க இயலாவாறு பூட்டப்பட்டுக் கிடந்தன. திரையில் ஆங்கிலத்திற் பணங்கோரும் ஓர் அறிவித்தல் மட்டுமே. பிரதி வேறெங்கும் இல்லை. புள்ளிக் குறிப்பேடுகளை மேசைமீது பரப்பிவைத்து மீண்டும் முதலிலிருந்து பதியத் தொடங்கியிருந்த ஆசிரியை எம்மை நோக்கி, "ஐயா, இவையெல்லாம் புதிய கணினிகள் அல்லவா?" என்று கேட்டார். அவ்வினாவை யாம் இன்றுவரை மறக்கவில்லை. புதியதாயின் பாதுகாப்பானது என்று அவருக்கு யார் கூறினர்? கூறியவர் ஒருவருமிலர். ஆயினும் நாடா வெட்டிய நாம் அனைவரும் சேர்ந்து அந்நம்பிக்கையை அவருக்கு ஊட்டியிருந்தோம்.

காவல் என்னும் இக்கலை மேனாட்டார் அண்மையிற் கண்ட புதுமை என்று எவரும் கருதற்க. அதன் உட்பொருள் நம் கண்டி இராச்சியத்திலேயே நடைமுறையில் இருந்தது. 1660இல் கொட்டியாரக் கரையிற் பிடிபட்டு, இரண்டாம் இராசசிங்க மன்னனின் ஆணைக்குட்பட்டு 19 ஆண்டுகள் மலைநாட்டில் வாழ்ந்தவன் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயன். அவன் 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலில் அக்காலத்துக் காவல் முறையை விரித்துரைத்துள்ளான். மலைமீதேறும் ஒடுங்கிய வழிகளில் முட்களாலாய கதவுகள் இருந்தன. அவற்றருகே காவலர் இருந்தனர். கடந்து செல்வோர், அரண்மனையில் வழங்கப்பெற்ற களிமண் முத்திரையைக் காட்டுதல் வேண்டும். அம்முத்திரை எல்லோர்க்கும் ஒன்றன்று. போர்வீரனுக்குத் தோளில் ஈட்டி சுமந்த மனித உருவம்; சுமை தூக்குவோனுக்குக் காவுதடியின் இருமுனையிலும் பைகள் தொங்கும் உருவம்; வெள்ளையனுக்கு இடையில் வாளும் தலையில் தொப்பியுமுடைய உருவம். ஒரு கூட்டத்தில் எத்தனை பேரோ அத்தனை உருவங்கள் களிமண்ணிற் பதிந்திருத்தல் வேண்டும்.

கணினி வல்லுநர் இக்காலத்து வற்புறுத்தும் முதல் விதி இதுவேயன்றோ? ஒவ்வொருவருக்கும் அவரவர் தொழிலுக்கு வேண்டிய அதிகாரத்தை மட்டும் வழங்குக. அதற்குமேல் ஓரணுவும் வழங்கற்க. சுமையாளின் முத்திரையைக் கொண்டு போர்வீரன் கடத்தல் இயலாது. ஒருவன் முத்திரையைக் காட்டிப் பத்துப்பேர் நுழைதலும் இயலாது. யாம் கண்ட கூடத்திலோ ஆறாந்தரத்துச் சிறுவன் முதல் அனைவர் கையிலும் மன்னனுடைய கணையாழியே இருந்தது. பின்னர் முட்கதவு எதற்கு?

நொக்ஸின் வரலாற்றில் மற்றொரு பாடமும் உண்டு. 1679இல் அவன் தப்பியோடியபொழுது எந்த முட்கதவையும் உடைக்கவில்லை. பல ஆண்டுகள் ஊரூராகச் சிறுவணிகம் செய்து திரிந்தான். வடதிசை ஊரவர் அவனை வணிகனென்றே அறிந்தனர். அத்தோற்றமே அவனுக்கு வழிவிட்டது. அநுராதபுரம் கடந்து, ஆற்றையொட்டிய காட்டுவழியே நடந்து, ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தான். இன்று தொலைபேசியில் அழைத்து, 'வங்கியிலிருந்து பேசுகின்றோம், உங்களுக்கு வந்த ஆறிலக்க எண்ணைச் சொல்லுங்கள்' என்போனும் பூட்டை உடைப்பதில்லை. வணிகன் வேடம் புனைகின்றான். பூட்டை நாமே திறந்து விடுகின்றோம். இவ்வழியாற் பணமிழந்தோர் நம் சங்கத்திலும் உளர். நாணத்தால் வெளியிற் சொல்லார்.

இனி, அமைவு என்பது யாதெனச் சிறிது கூறுவோம். கடையில் வாங்கிய கருவி ஒவ்வொன்றும் தொழிற்சாலையில் இட்ட அமைவோடு வருகின்றது. அவ்வமைவு வாங்குவோன் எளிதில் தொடங்குதற்கு இடப்பட்டதேயன்றி அவனுடைய பாதுகாப்புக்கு இடப்பட்டதன்று. பலரும் அதனை அப்படியே விட்டுவிடுகின்றனர். 2016இல் உலகைக் கலக்கிய மிராய் என்னும் தீநிரல் இவ்வழக்கம் ஒன்றையே நம்பி எழுதப்பட்டது. நுண்ணிய சூழ்ச்சி அதில் ஒன்றுமில்லை. தொழிற்சாலைகள் இடும் பயனர் பெயரும் கடவுச்சொல்லுமாக அறுபது சோடிகள் கொண்ட பட்டியலொன்றை வைத்துக்கொண்டு, இணையத்தில் எதிர்ப்பட்ட காவற் கமராக்களையும் ரௌட்டர்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தது; பல்லாயிரம் திறந்தன. அவ்வாறு ஆட்கொள்ளப்பட்ட கருவிகள் அவ்வாண்டு ஒக்டோபர் 21ஆம் நாள் டைன் என்னும் நிறுவனத்தை ஒருங்கே தாக்கவே, டுவிட்டர், நெட்பிளிக்ஸ் முதலாய பெருந்தளங்களை அமெரிக்க மக்கள் பல மணிநேரம் அணுக முடியாதவராயினர். வீட்டு வாயிலுக்குக் காவலாக மாட்டிய கமராவே கொள்ளைக்கூட்டத்திற் சேர்ந்துவிட்ட விந்தை இது.

இச்செய்தியைப் படித்தவுடன் எம்முடைய வீட்டு ரௌட்டரைத் திறந்து பார்த்தோம். பெயர் 'அட்மின்', கடவுச்சொல்லும் 'அட்மின்'. நான்காண்டுகளாக அவ்வாறே இருந்திருக்கின்றது. ஊராருக்கெல்லாம் உபதேசம் செய்து திரிந்த எம் இல்லத்து நிலை இது. அன்றிரவே மாற்றினோம், அதனை இதுகாறும் வீட்டாருக்குக்கூடச் சொல்லவில்லை. இம்மலர் மூலம் அறிந்துகொள்வர்.

அதே 2016ஆம் ஆண்டு, நம் ஊருக்கு அணித்தாகவே மற்றொரு நிகழ்ச்சி நடந்தது. ஓகஸ்ட் மாதத்தில், அப்போதைய சனாதிபதியின் அதிகாரபூர்வ இணையத்தளத்தினுள் எவரோ புகுந்து, முகப்பில் சிங்கள மொழியில் ஒரு வேண்டுகோளைப் பதித்துவிட்டனர். உயர்தரப் பரீட்சையைச் சித்திரைப் புத்தாண்டு வரும் ஏப்ரல் மாதத்தில் நடத்தும் முடிவை மீளாய்க என்பது அதன் முதற் கோரிக்கை. நாட்டின் இணையத்தளங்களது பாதுகாப்பைக் கவனிக்க என்பதும் அதிற் கண்ட பிறிதொரு கோரிக்கை. சில நாட்களில் குற்றப் புலனாய்வுத் துறையினர் சந்தேகத்தின் பேரில் ஒருவரைக் கைதுசெய்தனர். அவர் கடுகண்ணாவையைச் சேர்ந்த 17 வயதுப் பாடசாலை மாணவர். பின்னர் மொறட்டுவையைச் சேர்ந்த வேறொருவரும் கைதானார். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்கீழ் விடயம் நீதிமன்றம் சென்றது.

கடுகண்ணாவை என்றவுடன் நம் நெஞ்சில் தோன்றுவது கணவாயும், கொழும்பு வீதிக்காக ஆங்கிலேயர் துளைத்த பாறையுமே. பன்னெடுங்காலம் கண்டியின் மேற்கு வாயிலாக விளங்கிய ஊர் அது. அவ்வூர்ச் சிறுவன்மீது நாட்டின் தலைமைத் தளத்தினுள் அத்துமீறினான் என்ற குற்றச்சாட்டு எழுந்தபொழுது, 'இக்காலத்துப் பிள்ளைகள் கெட்டுவிட்டனர்' என்று தலையசைத்தோர் பலர். அத்துமீறல் குற்றமே, அதனை யாம் நியாயப்படுத்த முன்வரவில்லை. பிறர் வீட்டுப் பூட்டு உறுதியற்றதென்பதை மெய்ப்பிக்க அதனை உடைத்துக் காட்டும் உரிமை எவர்க்கும் இல்லை. ஆயினும் ஒன்று கேட்கின்றோம். இத்தகைய வேட்கையுள்ள பிள்ளை நம் பாடசாலையில் இருப்பின், அவ்வேட்கையைச் செலுத்துதற்கு நாம் வைத்திருக்கும் நேரிய வழி யாது? தகவல் தொழினுட்பப் பாடத்தில் ஒளிப்படம் பார்த்துக் கணினியின் உறுப்புக்களை மனனஞ் செய்வதா? நுழைவாயிலைக் கண்டால் அது திறக்குமா என்று தட்டிப் பார்க்கும் இயல்பு சிலருக்குப் பிறவியிலேயே அமைந்தது. அவ்வியல்பினர்க்குத் தட்டிப் பார்க்கும் உரிமையுள்ள கதவொன்றை நாம் கொடாவிடின், அவர்கள் உரிமையில்லாத கதவைத் தட்டுவர்.

மேனாட்டிலும் இஃது நிகழ்ந்ததே. 1988 நவம்பர் 2ஆம் நாள், கோர்னெல் பல்கலைக்கழக மாணவராயிருந்த றொபேட் மொறிஸ் என்பார் தாம் எழுதிய நிரலொன்றை இணையத்தில் விட்டார். தானே தன்னைப் பெருக்கிக்கொண்ட அந்நிரலால் 6,000 கணினிகள் வரை முடங்கின என்பது அக்காலத்து மதிப்பீடு. அது புகுந்த வழிகளுள் ஒன்றைக் கேட்டால் வியப்புண்டாகும். மின்னஞ்சலைக் கையாளும் மென்பொருளொன்றில், எழுதியோர் தம் சோதனைக்கென வைத்திருந்த ஒரு வாயில் பல இடங்களில் மூடப்படாமலே கிடந்தது. கட்டட வேலை முடிந்தபின் கொத்தனார் ஏணியை எடுக்க மறந்த கதை! மொறிஸ் 1990இல் தண்டிக்கப்பெற்றார்: மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணிநேரச் சமூக சேவை, 10,050 டொலர் தண்டம். அதனோடு அவர் வாழ்க்கை முடியவில்லை. பின்னாளில் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் பேராசிரியரானார். குற்றத்துக்குத் தண்டனையும் ஆற்றலுக்கு இடமும் ஒரு சமுதாயம் ஒருங்கே அளித்தது. நாம் முன்னதை அளிக்க நன்கறிவோம்.

அரசாங்கமே கைசுட்டுக்கொண்ட நிகழ்ச்சியொன்றையும் கூறாதிருத்தல் இயலாது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணினி முறைமை பணங்கோரும் தீநிரலாற் பூட்டப்பட்டது. 'கவ் டொட் எல்கே' என்று முடியும் அரச மின்னஞ்சல் முகவரிகளில் ஏறத்தாழ 5,000 பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் அடங்கும். சேவையை விரைவில் மீட்டுவிட்டனர். ஆயின் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை. ஏனெனில் அக்காலத்துக்குரிய காப்புப் பிரதி இல்லை. மூலத்தைப் பூட்டிய தீநிரல் அதனோடு இணைந்திருந்த பிரதியையும் பூட்டிவிட்டது. பயன்படுத்தப்பெற்ற மென்பொருள் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதனை ஆக்கிய மைக்ரோசொப்ட் நிறுவனம் அப்பதிப்புக்குரிய திருத்தங்களை 2023 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. 2021 முதல் புதிய பதிப்புக்கு மாறத் திட்டமிருந்தும் நிதிப் பற்றாக்குறை முதலிய காரணங்களால் அது தாமதமாயிற்று என்று பொறுப்பான முகவரகம் தெரிவித்தது.

வீட்டுப் பத்திரத்தின் மூலத்தையும் பிரதியையும் ஒரே பெட்டியில் வைத்துப் பூட்டிய கதையாயிற்று இது. பிரதி என்பது மூலத்தினின்றும் நீங்கியிருத்தல் வேண்டும். செருகியபடியே இருக்கும் தட்டு பிரதியன்று. மேலும், எடுத்த பிரதி உண்மையில் திறக்கின்றதா என்று ஆண்டுக்கொருமுறையேனும் மீட்டுப் பார்த்தல் வேண்டும். அவ்வாறு பார்த்தோர் எத்தனை பேர்? வாணி விழாவன்று கணினிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் இடுகின்றோம், பூவும் சாத்துகின்றோம். அந்நன்னாளிலேயே அவற்றுக்கு வந்து காத்திருக்கும் திருத்தங்களையும் நிறுவினால் கலைமகள் சினங்கொள்ளாள் என்பது எமது துணிபு.

திருத்தங்களை நிறுவாதோர் கூறும் காரணங்கள் இரண்டு. டேட்டா செலவாகும் என்பது ஒன்று. நன்றாக ஓடிக்கொண்டிருப்பது பழுதாகும் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இல்லாமலில்லை. ஆயின் மறுபக்கத்தையும் நோக்குக. 2017 மே 12ஆம் நாள் வனாகிறை என்னும் தீநிரல் உலகெங்கும் பரவிப் பிரித்தானிய மருத்துவமனைகள் நோயாளரைத் திருப்பியனுப்பும் நிலைக்குள்ளாயின. அது புகுந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அவ்வாண்டு மார்ச் 14ஆம் நாளிலேயே வழங்கப்பட்டிருந்தது. இரு மாதங்கள் மருந்து அலுமாரியில் இருந்தது, உட்கொள்வாரில்லை.

மலிவான கருவியால் வந்த கேட்டுக்கு வங்காளதேச மத்திய வங்கியின் வரலாறு சான்று. 2016 பெப்ரவரியில் அவ்வங்கியின் பணம் களவாடப்பட்டபொழுது 8 கோடியே 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்ஸ் நாட்டுக்குச் சென்றது. அங்கே தீச்சுவர் இல்லை என்றும், வலையமைப்பில் இருந்தவை 10 டொலர் பெறுமதியான பழைய இணைப்புக் கருவிகள் என்றும் புலனாய்வு அதிகாரிகள் பின்னர் தெரிவித்தனர். இலங்கைக்கென அனுப்பிய 2 கோடி டொலர் மட்டும் தப்பியது. 'பவுண்டேசன்' என்னும் ஆங்கிலச் சொல்லைக் கள்வர் 'பண்டேசன்' என்று பிழைபட எழுதிவிட, இடைநின்ற வங்கியினர் ஐயுற்று வினவினர். ஆங்கில ஆசிரியர்கள் இதனைத் தம் வகுப்பிற் கூறிக்கொள்ளலாம்.

இனி எமது யோசனையை விரிப்போம். சங்கம் இருபது கணினி வாங்க எண்ணினால் பதினேழு வாங்குக. எஞ்சிய மூன்றின் விலையில் நல்ல ரௌட்டர் ஒன்றும், காப்புப் பிரதிக்கெனத் தட்டுக்கள் இரண்டும் வாங்குக. மீதியைத் திருத்தங்களுக்குரிய இணையச் செலவுக்கு வைப்பிலிடுக. பொறுப்பாசிரியர் ஒருவரின்கீழ் ஒன்பதாந்தரம் முதல் பன்னிரண்டாந்தரம் வரையுள்ள மாணவர் அறுவரைத் தெரிந்து காவற்குழு அமைக்க. வெள்ளிதோறும் பாடசாலை விட்டபின் ஒருமணி நேரம் அவர்கள் பணி செய்வர். மாணவர், ஆசிரியர், காவற்குழு என்போர்க்குத் தனித்தனிக் கணக்குகள் இருத்தல் வேண்டும். நொக்ஸ் கண்ட களிமண் முத்திரைகள் போல என்க. முழு அதிகாரமுடைய கடவுச்சொல் முத்திரையிட்ட உறையில் அதிபரின் இரும்புப் பெட்டியில் இருக்கட்டும். அச்சொல் நீளமானதாய், தொடர்பற்ற நான்கைந்து சொற்கள் கூடியதாய் அமைக. அதனை மாதந்தோறும் மாற்றி, மாற்றியதை மறவாதிருக்கச் சுவரில் எழுதவேண்டுவதில்லை. அவ்வாறு கட்டாயமாக அடிக்கடி மாற்றுவித்தல் பயனன்றென்று அமெரிக்கத் தர நிறுவனமே 2017இல் அறிவுறுத்திவிட்டது. திருத்தங்கள் முதலில் ஒரு கணினியில் நிறுவப்படுக. பழுதில்லையெனக் கண்டபின் மறுவாரம் ஏனையவற்றில் நிறுவப்படுக. தட்டுக்கள் இரண்டும் மாறிமாறிப் பயன்படுக. ஒன்று எப்பொழுதும் கழற்றப்பட்டு அலுவலக அலுமாரியில் உறங்குக. செய்தவை யாவும் நாளிட்டுக் கையொப்பத்துடன் பதிவேட்டில் எழுதப்படுக.

இவற்றோடு, வலையமைப்பில் இணையாத பழைய கணினி இரண்டைக் காவற்குழுவிடம் ஒப்புவிக்க. ஒருவர் அதற்குக் காவலமைப்பார். மற்றவர் அதனை உடைத்துப் பார்ப்பார். பின்னர் இடம் மாறுவர். கதவு தட்டும் கைகளுக்கு அதுவே உரிமையுள்ள கதவு.

'திருடனிடமே திறப்பைக் கொடுப்பதா?' என்பார் உளர். மாணவரைத் திருடரென்று கொண்டு தொடங்கும் கல்வி எங்கே முடியுமென்பதை அவர்களே எண்ணுக. யாம் கேட்பது இரும்புப் பெட்டித் திறப்பையன்று, காவலாளியின் முத்திரையை. 'பரீட்சைக்கு உதவுமா?' என்பார்க்கு, உதவாது என்றே கூறிவிடுகின்றோம்.

ஆசிரியர் தரப்பில் எழும் தடையே சிந்திக்கத்தக்கது. கணினிக்கூடத்தின் பொறுப்பேற்ற ஆசிரியர் பொருட்பதிவேட்டிற் கையொப்பமிடுகின்றார். ஒன்று பழுதானால் விளக்கம் கேட்பது அவரிடமே. ஆதலின் பழுதுண்டாகாமற் காக்கும் எளிய வழியை அவர் நாடுகின்றார்: கூடத்தைப் பூட்டி வைத்தல். தூசிபடாது உறையிட்டு, நன்கொடையாளர் வரும்போது மட்டும் திறந்து காட்டப்பெறும் கூடங்களை யாம் கண்டதுண்டு. அவற்றில் வைரஸ் இல்லை, கல்வியும் இல்லை. குற்றம் ஆசிரியருடையதன்று. பழுதுக்குப் பொறுப்பை அவர் தலையிற் சுமத்திவிட்டுப் பழுதுபார்க்கும் பணத்தையோ ஆளையோ கொடாத நம்முடையது. எனவே, கொழும்பிலும் வெளிநாட்டிலும் இத்துறையிற் பணியாற்றும் பழைய மாணவர், பணத்தோடு தவணைக்கொரு சனிக்கிழமையையும் நன்கொடையாக அளித்தல் வேண்டும். நேரில் வர இயலாதோர் கணினி வழியாகவேனும் அவ்வாசிரியருக்குத் துணைநிற்றல் கூடும். பழுதுக்கு விளக்கம் கேட்பாரிடம், 'இது சங்கத்தின் பொறுப்பு' என்று கூறும் துணிவை அவருக்கு நாம் அளிப்போமாக.

இம்முயற்சியை இப்பொழுதே தொடங்குதற்கு மற்றொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10 முறைமைக்குரிய வழமையான இலவசத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றன. நாம் முன்னர் அன்பளித்த கணினிகளுட் பழையன பலவும் விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லு இன்மையால் அதற்கு மாற இயலாதவை. அவற்றைக் குப்பையில் எறிந்து புதியன வாங்குவோம் என்று சிலர் இப்பொழுதே பட்டியல் எழுதுகின்றனர். பொறுக்க வேண்டுகின்றோம். லினக்ஸ் முறைமையை நிறுவினால் அவற்றுட் பல இன்னும் சில ஆண்டுகள் பாதுகாப்பாக உழைக்கும்; திருத்தங்கள் இலவசம்; களவுப் பிரதிக்கும் தேவையில்லை; தமிழும் அதிற் செவ்வனே தெரியும். நாம் நாள்தோறும் அண்ணாந்து பார்க்கும் ஹந்தானை மலையின் பெயரையே தாங்கிய லினக்ஸ் பதிப்பொன்றை இலங்கையர் சிலர் முன்னர் ஆக்கி வழங்கியிருந்தனர் என்பது இளைய மாணவர்க்குத் தெரியாதிருக்கலாம். பழைய கணினியொன்றில் லினக்ஸை நிறுவிப் பார்த்தல் காவற்குழுவின் முதல் வெள்ளிக்கிழமைக்கு ஏற்ற வேலை.

செலவு மதிப்பீட்டைத் தனித்தாளில் எழுதி வைத்துள்ளோம். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனைத் தீர்மானமாக முன்மொழிவோம். வழிமொழிய ஒருவர் வேண்டும்.